எல்லாருக்கும் 20

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வகுப்பு பிடிக்கிறது, கிளினிக்கல் போஸ்டிங் என்கிற ஆஸ்பத்திரி வார்டுப் பயிற்சி என்றாலே வெறுப்பு. பெட் போடுவது, லேபுக்கு சாம்பிள் கொண்டு ஓடுவது, டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, மூச்சு) எடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஊசி போட்டுப் பார்க்கிறேன் என்றால் சிஸ்டர் சிடுசிடுக்கிறார். நேரமும் கிடையாது. நாங்கள் ஆறு பேர், 30 பெட்டுக்கும் ரெஸ்பிரேஷனை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, எண்ணாமலே 20 என்று போட்டுவிட்டுத்தான் கேர் பிளான் எழுத உட்காருகிறோம். வார்டில் போன் எடுக்கக் கூடாது, சுவர்க் கடிகாரமும் ஓடாது. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைப்பதால் படிப்பை விடவும் முடியவில்லை. மனதை எப்படித் தேற்றிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: மனதைத் தேற்றுவதெல்லாம் அப்புறம். 30 பெட்டுக்கும் 20 என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே தாயி, அதைப் பேசுவோம். எண்ணாமல் எழுதுவதற்குப் பெயர் பொய்க் கணக்கு. பலசரக்குக் கடையில் இப்படி எழுதினால் அன்று சாயங்காலமே கணக்கைத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிஸ்டர் ஏன் ஊசியை உன் கையில் தருவதில்லை என்று யோசித்தாயா? முப்பது பேர் ஒரே அளவில் மூச்சு விடுகிற வார்டு எங்கேயும் கிடையாது. சார்ட்டில் அந்த மூச்சுக் கட்டங்களை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். மூச்சையே எண்ணாதவள் மருந்தை அளந்து ஏற்றுவாள் என்று எதை வைத்து நம்புவார்?

20-ஐத் தேர்ந்தெடுத்ததும் சாமர்த்தியம்தான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை நார்மல், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் பி.பி. இறங்கும் முன்பே மூச்சு ஏறும். நிமோனியா, செப்சிஸ் (கிருமித்தொற்று உடம்பெல்லாம் பாதிப்பது), சர்க்கரை முற்றி ஆசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறுவது) ஆனவர் எல்லாரும் 25, 30 என்று போவார்கள். வலிக்கு மார்பின் போட்ட ஆபரேஷன் கேஸ் நேர்மாறாக 8-க்கு இறங்கலாம். பிரசவ வார்டில் இன்னும் ஆபத்து. ஜன்னி (எக்லாம்ப்சியா வலிப்பு) கண்ட தாய்க்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் போடும்போது, ஒவ்வொரு டோசுக்கு முன்னும் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா, மூச்சு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12-க்கு இறங்கிவிட்டவள் சார்ட்டில் நீ 20 போட்டிருந்தால் அதை நம்பி அடுத்த ஊசியும் ஏறும். அதற்கப்புறம் அந்த ஊசிக்கு முறிவான கால்சியம் குளுக்கோனேட்டைத் தேடி ஓட வேண்டியதுதான்.

நேரமில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெர்மாமீட்டரை அக்குளில் வை. நோயாளியின் கையை மடக்கி வயிற்றின் மேல் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணு. முடிந்ததும் கையை விடாதே, மூச்சை எண்ணப்போகிறேன் என்றும் சொல்லாதே. சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, கை ஏறி இறங்குவதை இன்னொரு முழு நிமிடம் எண்ணு. ஏறி இறங்கினால் ஒன்று. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தப்பினாலே கணக்கில் நான்கு தப்பும். கழுத்துச் சதை இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா என்றும் பார். ஆளுக்கு மூன்று நிமிடம். ஆறு பேருக்கு ஐந்தைந்து பெட், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

குழந்தைகள் வார்டில் அழுகிற பிள்ளைக்கு எண்ணாதே, தாய் மடியில் அடங்கட்டும். இரண்டு மாதம் ஆகாததற்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேக மூச்சு.

அட்டெண்டர் வேலை வாங்குவது பல இடத்தில் நடக்கிறதுதான். செய்து பழகிய வேலைகளைக் குறிக்கிற லாக் புக்கில் காலியாகக் கிடக்கிற புரொசீஜரைக் காட்டி, வார்டில் பயிற்சி தருகிற சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்) மேடத்திடம் கேள், கேட்க உரிமை உண்டு. சார்ட்டில் மூச்சுக் கணக்கை ஒழுங்காக்கிவிட்டுப் போய்க் கேள்.

அப்பாவின் கடனை விலங்கு மாதிரி எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு உனக்குச் சம்பளம் தருவதே, நீ எழுதும் எண்ணை நம்பி டாக்டர் மருந்து எழுதலாம் என்பதற்காகத்தான். பெற்றவர் வட்டி கட்டுவது அந்தத் தொழிலைக் கற்கத்தான், சார்ட்டை நிரப்ப இல்லை.

26 என்று வந்தால் இன்னொரு நிமிடம் எண்ணிச் சரிபார்த்துவிட்டு உடனே சிஸ்டரிடம் வாயால் சொல், எழுதி வைத்துவிட்டு நகராதே. கடிகாரம் ஓடவில்லை என்ற சாக்குக்கும் வழி இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் நொடி முள் வைத்த வாட்ச் ஒன்று வாங்கி யூனிஃபார்மில் குத்திக்கொள்.