வாங்கும் முன் கேளுங்கள்: கனக்கும் ஸ்டியரிங், இனிக்கும் பேச்சு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஃபோர்-பை-ஃபோர் பக்கிகளின் (பிக்கப் வண்டிகளின்) ஸ்டியரிங் பற்றியவை. மற்றவை அடுத்த முறை. வழக்கம்போலச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: 1978 லேண்ட் ரோவர் சீரீஸ் 3 பார்த்து வைத்திருக்கிறேன், 88 அங்குலக் குட்டை வண்டி. சானி பாஸ் மலைப்பாதை ஏறவும் சொட்வானா கடற்கரை மணலுக்கும் ஆசை. ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. "பழைய வண்டி அப்படித்தான், பவர் ஸ்டியரிங் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்பவர். பவர் உள்ள சீரீஸ் 3 தேடட்டுமா? — டொங்காட்

ப: சீரீஸ் 3 தொழிற்சாலையை விட்டு வரும்போது பவர் ஸ்டியரிங்கோடு வந்ததில்லை. எதிலாவது இருந்தால் பின்னால் யாரோ பொருத்தியது. யார் பொருத்தியது, எந்த வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸ் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

"அப்படித்தான்" என்பதை நம்பாதீர்கள். நின்ற இடத்தில் திருப்பினால் கனக்கும், அது இயல்பு. உருள ஆரம்பித்த பிறகும் தோள் வலித்தால் எங்கோ கோளாறு. தேடும் வரிசை இது.

முதலில் டயர். முன்னால் 25 பவுண்டு காற்று இருக்கிறதா? ஒல்லியான பழைய அளவு டயரா, அகலமாகப் போட்டு ரிம்மையும் வெளியே தள்ளியிருக்கிறார்களா? அகல டயரும் வெளித்தள்ளிய ரிம்மும் சேர்ந்தால் சக்கரம் திரும்பாமல் தரையில் தேய்ந்துகொண்டு போகும். அதற்குப் பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள் (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்). இரு சக்கரமும் தரையை விட்டதும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். இரண்டு விரலுக்கு இசைய வேண்டும். இசையவில்லையா, ரிலேயிலிருந்து (பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்கும் இணைப்பு) சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியின் ஒரு முனையைக் கழற்றுங்கள். இப்போது ஸ்டியரிங் தனி, சக்கரம் தனி. சக்கரத்தைக் கையால் தள்ளும்போது கனத்தால் ஸ்விவல் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) காய்ந்திருக்கிறது, அல்லது யாரோ ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டைக் குறைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங் பக்கம் கனத்தால் பாக்ஸ் அல்லது ரிலே.

என் பந்தயம் ரிலே மேல். முன் குறுக்குச் சட்டத்தில் செங்குத்தாக நிற்கும் உருளை அது. மேல் கை பாக்ஸிலிருந்து வாங்கி, கீழ்க் கை சக்கரத்துக்குக் கொடுக்கும். உள்ளே இ.பி. 90 கியர் எண்ணெய் இருக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறவர்கள்கூட இதை எட்டிப் பார்ப்பதில்லை. காய்ந்து இறுகும்; சட்டத்தோடு துருப்பிடித்து ஒட்டியும் போகும். கழற்ற ஒரு முழு நாள், துரு எண்ணெய், சூடு, ஜாக்கி எல்லாம் வேண்டும். உள்ளே ஸ்ப்ரிங்கை அழுத்தி அடைத்திருப்பார்கள். தெரியாமல் திறந்தால் முகத்துக்கு வரும். பிரிக்காமல் முழு ரிலேயாக மாற்றுங்கள்.

கடைசியாக ஆட்டம். கம்பி முனைகளில் ஆறு பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) இருக்கிறது. சக்கரம் தரையில் நிற்க, உதவிக்கு ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். தேய்ந்தது விரலுக்கு 'டக்'கென்று தெரியும். மாற்றிய பிறகு முன் சக்கரங்கள் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் உள்ளே பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் கனத்தால் பவரைப் பற்றிப் பேசலாம். மணலுக்குக் காற்றை 1 பாருக்கு (சுமார் 14.5 பவுண்டு) இறக்கினால் கனம் கூடத்தான் செய்யும். சானியில் கட்டைவிரலை ஸ்டியரிங்குக்குள் கொக்கி போடாதீர்கள். முன் சக்கரத்தைக் கல் உதைத்தால் ஸ்டியரிங் சுழன்று கம்பி விரலில் அடிக்கும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

கே: பவர் ஸ்டியரிங் நல்லதா, சாதா ஸ்டியரிங் நல்லதா? — வெருலம்

ப: எந்த வண்டி, எந்த டயர், எங்கே ஓட்டுவீர்கள் என்று எழுதினால் பதில் உண்டு.

கே: ஐயா, ஒரு டீலரிடம் பழைய ஹைலக்ஸ் வாங்கினேன். விளம்பரத்தில் "பவர் ஸ்டியரிங் முழுதாக ரிப்பேர் செய்தது" என்று போட்டிருந்தார். ஐந்தாவது வாரமே பாக்ஸின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது, திருப்பும்போது பம்பு ஊளையிடுகிறது. மூடியைத் திறந்தால் கூழ் மாதிரி எண்ணெய். போய்க் கேட்டால் "ஃபூட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடி விற்பனை), நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார். — சாட்ஸ்வர்த்

ப: தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. கூழ் எண்ணெய், சொட்டும் பாக்ஸை வண்டி விற்கிற வரைக்கும் அடக்கி வைக்கிற வேலை. கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்ற மனமில்லாதவர்கள் ஊற்றுவது.

ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற சொல்லுக்கு டீலர் கையில் இப்போது பழைய பலம் இல்லை. 2011-இல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரமாக விற்கிறவரின் பொருளுக்கு ஆறு மாதத் தர உத்தரவாதம் தானாகவே உண்டு. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். "இந்தப் பாக்ஸ் ஒழுகுகிறது" என்று குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால்தான் கதை வேறு. பழைய வண்டியின் சாதாரணத் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்பதும் உண்மை. ஆனால் ரிப்பேர் செய்ததாக எழுதிக் காட்டிவிட்டு அந்தப் பேச்சு எடுபடாது.

விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். சொட்டும் இடம், எண்ணெயின் நிறம், கிலோமீட்டர் மூன்றையும் தேதியோடு எடுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, எது வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அதற்குள் வேறு பட்டறையில் பிரித்துவிடாதீர்கள். "நீங்கள் கெடுத்தீர்கள்" என்று திருப்பிவிடுவார். அவர் பழுது பார்த்து, மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்று வண்டியோ பணமோ தந்தாக வேண்டும். பிடிவாதம் பிடித்தால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். ஒழுகும் வண்டியைக் குறைவாகவே ஓட்டுங்கள். எண்ணெய் வற்றினால் பம்பும் போய்விடும்.

கே: எஃப்.ஜே. 40 லேண்ட் குரூசருக்கு அமெரிக்காவிலிருந்து சாகினா பாக்ஸோடு முழு பவர் ஸ்டியரிங் கிட் வரவழைத்தேன். பொருத்த இடமே இல்லை என்கிறார் மெக்கானிக். நான்கு மாதமாகப் பெட்டியில் கிடக்கிறது. என்ன செய்ய? — பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். உங்கள் வண்டிக்கு வலப்பக்கம். பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். இங்குள்ள ஆன்லைன் கடையாக இருந்தாலும் பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும். வலப்பக்க வண்டி ஓட்டும் ஆஸ்திரேலியாவில் தேடுங்கள், அல்லது இங்கேயே உடைத்து விற்கும் 60-சீரீஸ் லேண்ட் குரூசரின் பாக்ஸைப் பாருங்கள். கிட்டை வந்த விலைக்குத் தள்ளுங்கள். எதிர்ப்பக்கச் சாலைக்கான ஹெட்லைட் ஒரு ஜோடி என் அலமாரியிலும் இருக்கிறது, அதனால் இதற்கு மேல் திட்டவில்லை.

கே: தனியார் ஒருவரிடம் பழைய பக்கி வாங்கினேன், சாதா ஸ்டியரிங். பார்க்கப் போனபோது துளி ஆட்டமில்லை. இப்போது வளைவில் திருப்பினால் தானாக நேராக வர மறுக்கிறது. நானே இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. — ஃபீனிக்ஸ்

ப: அந்த ஒற்றை ஸ்க்ரூ! எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த கடிதத்தில் வந்து நிற்கிறது.

ஸ்டியரிங் பாக்ஸின் மூடியில் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். உள்ளே பற்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்க வேண்டும் என்று வைப்பது அதுதான். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே நடுப்பற்கள் தேய்கின்றன, ஓரப் பற்கள் புதிதுபோல இருக்கின்றன. விற்பவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காக ஸ்க்ரூவை முடுக்குகிறார். நடுவில் ஆட்டம் மறைகிறது. ஓரத்துக்கு வந்ததும் தேயாத பற்கள் இறுகிப் பிடிக்கின்றன. நீங்கள் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் அங்கேயே நின்றுவிடுகிறது. மலையிறக்கத்தில் இது எரிச்சலோடு நிற்காது, ஆளை எடுக்கும். அரைத் திருப்பக் காரியத்தில் மாதக்கணக்கான பழுதை மூடிவைத்து விற்கிறார்கள், அதற்கு "டியூன் செய்தேன்" என்று பேர் வேறு! பவர் பாக்ஸிலும் இதே வேலை நடக்கும். அங்கே பம்பு கனத்தை விழுங்கிவிடுவதால் கையில் தெரியக்கூடத் தெரியாது. பவர் ஸ்டியரிங் வண்டியை எஞ்சினை அணைத்தும் ஒருமுறை சோதியுங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

முன் சக்கரத்தைத் தூக்கித் திருப்புங்கள். நடுவில் லேசாகவும் இருபுறமும் கனமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பூட்டு நட்டின் தூசிக்கு நடுவே பளிச்சென்று ஸ்பானர் தடம் இருக்கிறதா பாருங்கள். கனம் விடும்வரை ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நடுவில் ஆட்டம் திரும்பி வரும், அதுதான் பாக்ஸின் உண்மை நிலை. பிறகு பாக்ஸைப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

பணம்? தனியார் விற்பனையில் அந்த ஆறு மாத உத்தரவாதம் இல்லை, ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லும். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் செல்லாது. அந்த ஸ்பானர் தடத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கே: பவர் ஸ்டியரிங் எண்ணெயும் பிரேக் எண்ணெயும் ஒன்றுதானே? — இசிபிங்கோ

ப: இல்லை. ஊற்றிவிட்டீர்கள் என்றால் எஞ்சினைக் கிளப்பவே கிளப்பாதீர்கள்; பிரேக் எண்ணெய் சீல்களை ஊற வைத்துக் கெடுக்கும்.

கே: என் எஃப்.ஜே. 40-இல் ஒரு பட்டறை, 60-சீரீஸ் பவர் பாக்ஸ் பொருத்தியது. ஆறு வாரம் ஆகிறது. நின்று திருப்பினால் 'கிறீச்', நெடுஞ்சாலையில் அலைகிறது. "போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள். — லெனேசியா

ப: இரும்பு போகப் போகச் சரியானதாக நான் பார்த்ததில்லை. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் பாக்ஸ் உட்கார்ந்த இடத்தில் டார்ச் அடியுங்கள். சேஸிஸ் மூச்சு விடுவதுபோல அசைந்தால் பிடித்துவிட்டீர்கள். சேஸிஸ் வெற்றுக் குழாய்; போல்ட்டை அப்படியே இறுக்கினால் சுவர் நசுங்கி, போல்ட் தளர்ந்து, பிறகு விரிசல் விடும். உள்ளே குறுக்காக இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து, அதற்குள் போல்ட் போக வேண்டும்; வெளியே தகடும் வேண்டும். விரிசல் கண்டால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். அசையவில்லை என்றால் நடுவில் உள்ள பெல் கிராங்கையும் (அசைவைத் திசை மாற்றிக் கொடுக்கும் கை) கம்பி முனைகளையும் பாருங்கள். பழைய தேய்ந்த இணைப்பில் புதுப் பலத்தைக் கொடுத்தால் அலையத்தான் செய்யும். பட்டறை வேலைக்கும் அவர்கள் பொருத்திய பாகத்துக்கும் மூன்று மாத உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு இன்னும் பாதி மிச்சம், இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுடையவை.

கே: ஓப்பல் கோர்சாவின் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் தண்டை லேண்ட் ரோவரில் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? — ஸ்டாங்கர்

ப: வேலை செய்யும். பம்பு, பெல்ட், ஓஸ் எதுவும் இல்லை. ஒரு சின்ன கண்ட்ரோல் பெட்டியில் உதவியைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நின்று திருப்பும்போது பல ஆம்பியர் இழுக்கும். பழைய டைனமோ இருந்தால் முதலில் நல்ல ஆல்டர்னேட்டர், பேட்டரியிலிருந்து தனித் தடித்த வயர், அதற்கொரு ஃபியூஸ். தண்டை வெட்டிப் பற்றவைத்த இடத்தை யார் செய்தார் என்று பாருங்கள். உங்களுக்கும் சக்கரத்துக்கும் இடையே அந்தப் பற்றுதான் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

கே: சாதா ஸ்டியரிங் பக்கி பெண்களுக்கு ஆகாது என்கிறார் என் வீட்டுக்காரர். — பெனோனி

ப: வண்டி ஒரு அடி உருண்ட பிறகு திருப்புங்கள் அம்மா, நின்ற இடத்தில் மல்லுக்கட்டாதீர்கள். அப்படியும் கனத்தால், அந்த ரிலேயில் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டார் என்று அவரைக் கேளுங்கள்.