கைப்பேசியில் தமிழ் குழம்பித் தெரிகிறதா? படமாக மாற்றிவிடாதீர்கள்

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் இணையதளம் கடைக் கணினியில் அழகாகத் தெரிகிறது. வாடிக்கையாளர்களின் கைப்பேசியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பித் தெரிகிறது. ‘இது குரோம் உலாவியின் கோளாறு, எல்லாவற்றையும் படமாக மாற்றிவிடலாம், 15 ஆயிரம் ஆகும்’ என்கிறார் வடிவமைத்தவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குரோம் மீது எந்தப் பிழையும் இல்லை.

அந்தக் குழப்பமான வரி ஒன்றை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகவே விழுந்தால், உங்கள் தளம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. பாமினியில் ‘அம்மா’ என்ற சொல் கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது. வாடிக்கையாளரின் கைப்பேசியில் இல்லை.

தீர்வு, உரை முழுவதையும் யூனிகோடுக்கு, அதாவது கணினியும் கைப்பேசியும் தமிழைத் தமிழாகவே அறியும் உலகப் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றுவது. எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது. பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் இருக்கும். யூனிகோடில் ககரம்தான் முதலில் வரும். மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். இடையில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும். அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்றும் பக்கத்தின் மொழி தமிழ் என்றும் நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் வேலை.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சில தட்டச்சு மையங்களில் பாமினியைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆணை எல்லாப் பயிற்சி மையங்களையும் எட்டவில்லை. விளைவு உங்களைப் போன்ற கடைக்காரர்கள் தலையில் விடிகிறது.

படமாக மாற்றினால் என்ன ஆகும்? பார்வையற்றவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் எழுத்தைப் படித்துச் சொல்லும். படத்தில் இருப்பதை நம்பகமாகப் படிக்காது. சேலையின் விலையும் நீளமும் அவருக்குத் தெரியாமலே போகும். தேடுபொறியும் உங்கள் உரையைச் சரிவரப் பிடிக்காது. விலையை 50 ரூபாய் ஏற்ற வேண்டுமென்றாலும் புதுப் படம் செய்ய வடிவமைத்தவரிடமே போய் நிற்க வேண்டும். அவர் படத்தை விரும்புவது அதற்காகத்தான்.

ஒரே விதிவிலக்கு, கடைப் பெயரின் சின்னம். கையால் வரைந்த எழுத்தாக அது இருந்தால் படமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் படத்துக்கு மாற்று உரையாக, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் எழுத்தாக, கடைப் பெயரை எழுத வேண்டும். ‘படம்1’ என்றோ ‘லோகோ’ என்றோ எழுதுவது மாற்று உரை ஆகாது. பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரும் வரைந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தொலைபேசி எண் சின்னத்துக்குள் இருந்தால், கீழே தனி எழுத்தாகவும் கொடுங்கள். விரலால் தொட்டு அழைக்க முடிய வேண்டும். சேலைப் படங்களின் மேல் விலையை எழுதுவது இந்த விதிவிலக்கில் சேராது.

எழுத்தை மாற்றியபின் கைப்பேசியில் பக்கம் பக்கவாட்டில் நகர்ந்தால் பயப்படாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அகலம் நிலையாகக் குறித்த பொத்தான்களை மீறி வெளியே நீட்டும். அந்த நிலை அகலத்தை எடுத்துவிட்டு, நீண்ட சொல் மடங்க அனுமதித்தால் சரியாகிவிடும்.

இதைவிட அவசரமான ஒன்று, தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. பல வடிவமைப்பாளர்கள் அதைத் தங்கள் மின்னஞ்சலில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்குப் பெரும்பாலும் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாய்தான் அதற்குச் செலவு. மனக்கசப்பு வந்தால் பல மடங்கு கேட்டு மிரட்டுவார்கள். கடைப் பெயரையே இழந்து புது முகவரி தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு நிறுவனத்தின் கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கும் கைப்பேசி எண்ணுக்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களே உள்ளே நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றிய பிறகு அவருடைய பாக்கியைத் தீருங்கள்.