கொண்டியை ஏன் படம் எடுத்தேன்?

கேள்வி: தக்கலைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. கணவர் அடி தாங்க முடியாமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நாகர்கோவிலில் என்னைப் போன்றவர்களுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லித் தரும் குழுவில் சேரச் சொல்கிறார்கள். "படம் பிடிச்சா மனசு ஆறிடுமா?" என்கிறாள் அம்மா. நேற்று என் அறைக் கதவின் கொண்டியைப் போனில் எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை அக்கா. (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கச்சி, அந்தக் கொண்டி வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கணவர் வீட்டில் கொண்டி கதவின் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க வாய் வருகிறது. கேட்க மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

நல்ல குழு என்றால் அங்கேயும் இப்படித்தான் நடக்கும். 1990-களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். என்ன எடுப்பது என்று அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள், பிறகு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினார்கள். 'போட்டோவாய்ஸ்' என்று பெயர். குடும்ப வன்முறையிலிருந்து மீண்டவர்களிடமும் இதைப் பல நாடுகளில் செய்கிறார்கள். நடந்ததை நேராகச் சொல்லத் தொண்டை அடைக்கும். "இது என் கொண்டி" என்று தொடங்குவது அவ்வளவு கஷ்டம் இல்லை. காயத்தையோ முகத்தையோ எடுக்க வேண்டியதே இல்லை. அடுக்களையில் ஆவி விடும் புட்டுக்குழலை எடு, போதும்.

சேரும் முன் விசாரி: நடுவில் எழுந்து போகலாமா? கொடுத்த படத்தைத் திரும்ப வாங்கலாமா? கண்காட்சி வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகச் சம்மதம் கேட்பார்களா? பேச்சின்போது யாராவது உடைந்து போனால் பக்கத்தில் ஆலோசகர் இருப்பாரா? "முதல்ல எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுங்க" என்றால் எழுந்து வந்துவிடு.

இனி போன். உன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கணவருக்குத் தெரியுமா? தெரிந்தால் இன்றே மாற்று. வேறு எந்தப் போனிலெல்லாம் அது திறந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்று. கேமராவில் இருப்பிடப் பதிவையும் நிறுத்து. வீட்டு வாசல், பிள்ளையின் பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் விழ வேண்டாம். நம்மூரில் ஒரு மதிலைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடுவார்கள். அடிபட்ட காயத்தின் பழைய படங்கள் இருந்தால் குழுவுக்குக் கொண்டு போகாதே, வக்கீலுக்கென்று தனியாக வை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. பெண்கள் உதவி எண் 181-ல் இரவிலும் போன் எடுப்பார்கள்.

அம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. படம் மட்டும் ஆற்றிவிடாது. தூக்கம் வராத ராத்திரிகளுக்கு மருத்துவரும் வேண்டும். ஆனால் ஒரு நாள் போனை அவள் கையில் கொடுத்து, உனக்குப் பிடித்த எதையாவது எடும்மா என்று சொல்லிப் பார். என்ன எடுத்தாள் என்று எனக்கும் எழுது.