மூன்று ஐயும் ஏன் ஒன்றாக எழும்புகின்றன?

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன். பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால், அதன் எழுத்துகளில் சிலவற்றை அது எழுந்தமானமாகக் கப்பிட்டலாக மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, எழுந்தமானமாக ஒன்றைத் தெரிவுசெய்யும் ‘சொய்ஸ்’ கட்டளையைக் கொண்டு ஆம், இல்லை கேட்கிறேன். ஆம் என்று வந்தால், ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் ‘ரிப்ளேஸ்’ கட்டளையைப் போட்டு அந்த எழுத்தைக் கப்பிட்டலாக்குகிறேன். கிளிநொச்சி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். அதில் வரும் மூன்று ஆங்கில ஐ எழுத்தும் எப்போதும் ஒன்றாகவே மாறுகின்றன. அதுவும் அநேகமாக எல்லா முறையும் கப்பிட்டல்தான். கேயோ பாதிக்குப் பாதிதான் வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பைத்தனின் எழுந்தமானத்தில்தான் கோளாறா?
– உயர்தர மாணவன், துணுக்காய்

பதில்: தம்பி, “வேலை செய்யவில்லை” என்று ஒரு வரியில் முடிக்காமல், எந்த எழுத்து எப்படி வருகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே மனம் நிறைந்தது. பாதிப் பிழையை நீங்களே பிடித்துவிட்டீர்கள்.

பைத்தனில் கோளாறு இல்லை. அது பயன்படுத்தும் எழுந்தமான எண் முறையை 1997இல் மக்கோட்டோ மட்சுமோட்டோ, டக்குஜி நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள் உருவாக்கினார்கள். ஐக்கு ஒன்று, கேக்கு ஒன்று என்று அது ஓரவஞ்சனை செய்யாது. பிழை ரிப்ளேஸில் இருக்கிறது. வகுப்பில் மூன்று குமார் இருக்கும்போது “குமார், எழும்பு” என்றால் மூன்று பேரும் எழும்புவார்கள். ரிப்ளேஸும் அப்படித்தான் கூப்பிடும். “இரண்டாவது இடத்தில் நிற்கும் ஐயை மாற்று” என்று சொன்னதாக நீங்கள் நினைக்கிறீர்கள். “ஐ எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் மாற்று” என்றுதான் அதற்குக் கேட்கிறது.

கிளிநொச்சியில் என் சனிக்கிழமை வகுப்பில் யாராவது இப்படி வந்து நின்றால், முதலில் திரையை அணைக்கச் சொல்வேன். “கொப்பியை எடுங்கோ” என்பேன். நீங்களும் எடுங்கள். நான்கு நிரல் போடுங்கள்: சுற்று, எழுத்து, பூவா தலையா, சொல்லின் இப்போதைய நிலை. தலை விழுந்தால் ஆம். ஆங்கிலத்தில் கிளிநொச்சிக்கு 11 எழுத்து, ஆகவே 11 சுற்று. முதல் சுற்றில் கே, பூ விழுகிறது, மாற்றமில்லை. இரண்டாம் சுற்றில் ஐ, தலை விழுகிறது. நான்காவது நிரலில் இப்போது சொல்லை எழுதிப் பாருங்கள். 2ஆம், 4ஆம், 11ஆம் இடங்கள் மூன்றும் ஒரே வரியில் கப்பிட்டலாகிவிடும். பிழை நடக்கும் வரி இதுதான். இன்னும் இரண்டு சுற்றுத் தள்ளிப் போங்கள். நான்காம் சுற்றில் மறுபடி ஐ, இம்முறை பூ என்று வைத்துக்கொள்வோம். இல்லை என்று பதில் வந்தாலும் அந்த எழுத்து ஏற்கெனவே கப்பிட்டலாகிவிட்டது. அதைத் திரும்பச் சிம்பிளாக்கும் வரி உங்கள் செய்நிரலில் கிடையாது.

ஐ அநேகமாகக் கப்பிட்டலாக வருவதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஐக்கு மூன்று தடவை காசு சுண்டுகிறீர்கள். ஒரு தடவை தலை விழுந்தாலே போதும், மூன்றும் மாறிவிடும். சிம்பிளாக நிற்க வேண்டுமென்றால் மூன்று தடவையும் பூ விழ வேண்டும். அது 8க்கு 1. சி, எச் இரண்டும் இரண்டிரண்டு தடவை வருவதால் 4க்கு 3 முறை கப்பிட்டலாகும். ஒற்றையாக வரும் கே, எல், என், ஓ நான்கும் பாதிக்குப் பாதி. நீங்கள் திரையில் பார்த்தது இதேதான்.

கண்டி என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஐந்து எழுத்தும் வேறு வேறு. செய்நிரல் சரியாக ஓடுவது போலவே தெரிந்திருக்கும், பிழை உள்ளேயே கிடந்திருக்கும். சோதிக்கும்போது ஒரே எழுத்துத் திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடிக் கொடுங்கள்.

இனித் திருத்தம். பழைய சொல்லைத் தொடவே வேண்டாம், ரிப்ளேஸும் வேண்டாம். லூப்புக்கு முன்னால் ஒரு வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத ஒரு சொல்லை, வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தை எடுத்து, காசைச் சுண்டி, தலையென்றால் அதன் கப்பிட்டலையும் பூவென்றால் அதையே அப்படியேயும் அந்தச் சரத்தின் கடைசியில் ஒட்டுங்கள். வெற்றுச் சரத்தை மறந்துபோய் லூப்புக்குள் வைத்துவிடாதீர்கள். சுற்றுக்குச் சுற்று அது வெறுமையாகி, கடைசி ஐ ஒன்றுதான் மிஞ்சும். என் வகுப்பில் அடிக்கடி நடப்பது இது. இன்னொன்று, பைத்தனில் ஒரு சரத்தை உருவாக்கிய பிறகு அதை உள்ளே மாற்ற முடியாது. கப்பிட்டலாக்கும் ‘அப்பர்’ கட்டளை புதிய சரம் ஒன்றைத்தான் தரும். அதை ‘மாறி’ ஒன்றில், அதாவது பெயரிட்ட ஒரு பெட்டியில், வாங்கி வைக்காவிட்டால் காற்றோடு போய்விடும்.

திருத்திய பின் ஏ எழுத்தை மட்டும் எட்டுத் தடவை அடித்து ஓட்டுங்கள். பழைய செய்நிரல் எட்டையும் ஒன்றாகவே மாற்றும். புதியதில் பெரிதும் சின்னதும் கலந்து வரும். சோதிக்கும் நேரத்தில் மட்டும் செய்நிரலின் தொடக்கத்தில் ‘சீட்’ கட்டளைக்கு 7 என்று கொடுத்து வையுங்கள். சீட் என்றால் விதை. ஒரே விதையைப் போட்டால் ஒவ்வொரு முறையும் பூவும் தலையும் அதே ஒழுங்கில் விழும், அந்த ஒழுங்கைக் கொப்பியில் எழுதி வரிக்கு வரி ஒப்பிடலாம். ஒத்து வந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பைத்தனின் ‘அப்பர்’ கட்டளையைத் தமிழில் ‘வன்னி’ என்ற சொல்லுக்குக் கொடுத்தேன். ஒன்றுமே மாறவில்லை. ஃபொன்டில் பிழையா அக்கா?
– வாசகி, பரந்தன்

பதில்: இல்லை தங்கச்சி. தமிழில் கப்பிட்டல், சிம்பிள் என்ற பிரிவே இல்லை. அதனால் அப்பர் சொல்லை அப்படியே திருப்பித் தருகிறது. ஆனால் அதே சொல்லுக்கு, நீளத்தை எண்ணும் ‘லென்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நமக்கு வன்னி மூன்று எழுத்து, பைத்தன் 5 என்று சொல்லும். வ, ன, புள்ளி, ன, இகரக் குறி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துகளை இடம் மாற்றும் விளையாட்டு ஏதாவது தமிழில் எழுதப் போனால், புள்ளி ஒரு பக்கமும் ன இன்னொரு பக்கமும் போய்விடும். ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவசப் பைத்தன் தொகுப்பில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. வன்னியைக் கொடுத்தால் வ, ன், னி என்று மூன்றாகவே பிரித்துத் தரும்.