அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார், கணவர் எதற்கும் அசைவதில்லை

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கையொன்றில் தொடர்மாடியில் இருக்கிறோம். நான், கணவர், பதினொரு வயது மகன், என் அம்மா. வெள்ளை வானில் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அன்றிலிருந்து அம்மா பேரனை ரியூஷனுக்கு விடுவதில்லை. 83 இனக்கலவரத்தில் வீடு எரிந்து, முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனவர் அவர். அடுத்த நாள் மெத்தை விற்க வந்த ஒருவரைப் படம் எடுத்து, "இவன்தானோ?" என்று அதே குழுவில் போட்டார்கள். ஆனால் போன மாதம் இரவு தீ அலாரம் அடித்தபோது ஒருவரும் கீழே இறங்கவில்லை. என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மகனை அனுப்பலாமா? எதற்குப் பயப்படுவது, எதை விடுவது? அந்தக் குழுவிலிருந்து விலகிவிடலாமா?

பதில்: மகனை அனுப்புங்கள். அதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வான் வருகிறதா என்று பார்ப்பதை விட்டு, அவன் காலி வீதியை எங்கே, எப்படிக் கடக்கிறான் என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். இலங்கையில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்துகளில் சாகிறார்கள். மஞ்சள் கடவையில் ஒரு பஸ் அவனுக்காக நின்றால், அதை முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று எட்டிப் பார்க்கப் பழகியிருக்கிறானா? பின்னேரங்களில் கடற்கரைக்கும் போகிறவன் என்றால் ரயில் பாதை வேறு இருக்கிறது. இயர்போனைச் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கும் பெரியவர்களை அங்கே தினமும் காணலாம். கடல் இரைச்சலும் சேர்ந்தால், ரயில் முதுகுக்குப் பின்னால் வரும்வரை காதில் விழாது.

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னால் அவருடைய பயம் குறையுமா என்றால், குறையாது. செத்தவர்களை எண்ணிப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. 1969இல் சோன்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தானாக விரும்பி ஏற்கும் ஆபத்தை மனிதர்கள், தங்கள் மேல் திணிக்கப்படும் ஆபத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்குவரை சகித்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஆயிரத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், ஆனால் அவர் காட்டிய திசை சரிதான். பிறகு போல் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் சாதாரண ஆட்களிடம் கேட்டுக் கேட்டு இதை இன்னும் தெளிவாக்கினார்கள். கட்டுப்பாட்டில் இல்லாதது, கோரமானது, புதியது, கண்ணுக்குத் தெரியாதது, பிள்ளைகளைத் தொடுவது: இவை சேரச் சேரப் பயம் ஏறும். தினமும் நாமே கடக்கிற வீதி, எத்தனை பேரைக் கொன்றாலும் அந்த அளவுக்கு ஏறாது. பிள்ளை பிடிக்கும் வான் என்ற செய்தியில் இந்தச் சாமான் எல்லாமே இருக்கிறது.

அதோடு அந்த வானின் நிறத்தையும் கவனியுங்கள். இந்த நாட்டில் வெள்ளை வான் என்பது ஒரு காலத்தில் ஆட்களைக் கொண்டுபோன வாகனம். கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. வதந்திக்குச் சொந்தமாகக் கற்பனை கிடையாது, ஊரின் நினைவிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே அம்மாவைப் பார்த்து "விசர்க் கதை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் கண்டவை நடந்தவை. இப்போது நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

1934 ஜனவரியில் பீஹாரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பின் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்தார். ஆட்டம் உணரப்பட்ட, ஆனால் பெரிய சேதம் இல்லாத இடங்களில், இனித்தான் பெரிய அழிவு வரப்போகிறது என்ற கதைகள் ஓடியிருந்தன. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் பிற்பாடு இதற்கு விளக்கம் சொன்னார்: அந்த மக்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு பதறிப் போயிருந்தது, சுற்றிப் பார்த்தால் பதறுவதற்கு ஏற்ற எதுவும் இல்லை. பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைக் கதை கொண்டுவந்து கொடுத்தது. உங்கள் தொடர்மாடிக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, கணவருக்கு வருவோம். அவரைத் துணிச்சல்காரர் என்று நினைக்க வேண்டாம், அவரும் மற்றவர்களைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறார். 1968இல் பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவர்களின் அறைக்குள் சுவர்த் துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதத்தினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர், முன்கூட்டியே சொல்லி வைத்தபடி, கண்டுகொள்ளாமல் இருந்தபோது 10 சதவீதத்தினர்தான் சொன்னார்கள். மீதிப் பேர் இருமிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிவிட்டுப் படிவத்தை நிரப்பினார்களாம். அலாரம் அடித்த இரவு உங்கள் தொடர்மாடியில் நடந்ததும் இதேதான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவை நீக்கிப் பார்த்திருப்பார், படிக்கட்டில் ஆளைக் காணாமல் திரும்ப மூடியிருப்பார்.

ஆபத்து வந்தால் சனம் கண்மண் தெரியாமல் ஓடும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அனர்த்தங்களை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது வேறு. அடுத்தவரைப் பார்த்து, ஃபோன் எடுத்துக் கேட்டு, சாமான் பொறுக்கி, தாமதிப்பதுதான் வழக்கம். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்வாங்கியபோது அதைப் பார்க்கவும் மீன் பொறுக்கவும் கரைக்கு இறங்கிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: எதற்குப் பயப்படுவது, எதை விடுவது. ஓர் எச்சரிக்கை வந்த அந்த நிமிடத்தில் அது மெய்யா பொய்யா என்று நம்மால் பெரும்பாலும் தீர்மானிக்க முடியாது. அதனால் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். வேறொன்றைக் கேளுங்கள்: நான் இதை நம்பி நடந்து, பிறகு இது பொய் என்று தெரிந்தால், நட்டம் யாருக்கு?

நட்டம் எனக்குத்தான் என்றால் தயங்கவே வேண்டாம், நம்பி நடக்கலாம். தீ அலாரம் பொய் என்றால் உங்களுக்குப் போவது நான்கு மாடி இறங்கி ஏறிய களைப்பு, கணவருக்குச் சில ஓவர்கள். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து, சுனாமி எச்சரிக்கை விட்டு, கரையோரச் சனம் உள்ளே போனது. கடலடி நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. அன்று போனது ஒரு பின்னேரம். "சும்மா ஓட வைத்துவிட்டார்கள்" என்று அப்போது சலித்துக்கொண்டவர்கள் நிறைய. எனக்கு அது நன்றாக நடந்த ஒரு நாள் என்றுதான் படுகிறது. 2004இல் இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. சுமாத்திராவில் கடலடி குலுங்கியதற்கும் நம் கிழக்குக் கரையை அலை தொட்டதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தும், இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள்.

நட்டம் இன்னொருவருக்கு என்றால் நில்லுங்கள். மெத்தை விற்க வந்தவரின் படம் இந்த இரண்டாவது வகை. அது பொய் என்றால் படம் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது, அடிவாங்கப் போவது அந்த மனிதர். 2018 மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கத்தில் இதே பிள்ளை பிடிக்கும் கதை வட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் நின்று, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

இந்த வகைக்கு உதாரணம் தேடிக் கொழும்பைவிட்டு வெளியே போகத் தேவையில்லை. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. தமிழர்களுக்கு எதிரான கலவரம் சற்று அடங்கியிருந்தது. புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று புறக்கோட்டைப் பக்கம் ஒரு கதை கிளம்பியது. கந்தோர்களிலிருந்து சனம் இறங்கி ஓடியது. ஓடியது மெய்யான பயம்தான், பொய் அந்தக் கதை. பிறகு அந்தப் பயம் தெருவில் அகப்பட்ட தமிழர்கள் மேல் திரும்பியது. அம்மாவுக்கு இந்த நாள் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பின் பயம் முஸ்லிம்கள் மேல் திரும்பியது. மே மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த நம் ஆட்களில் எத்தனை பேர், பக்கத்துக் கடைக்காரரை வேறு கண்ணால் பார்த்தோம்? ஒருமுறை பலியானவர்கள் அடுத்த முறை நிதானமாக இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவன் எந்த இனத்தவன் என்றாலும்.

இதற்காக, சனம் பயந்தால் அது எப்போதும் புரளி என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். படித்தவர்களுக்கு அந்த முடிவு சுகமாக இருக்கும். 2021 கடைசியில் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தபோது, முதலில் வீட்டுக்காரர்களின் கவனக்குறைவு என்றே பேச்சு அடிபட்டது. பிறகு விசாரணைக் குழு வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகச் சொன்னது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரியும் என்று அங்குள்ளவர்கள் வருடக்கணக்காகக் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று, அது வீடுகள் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் புதையுண்டார்கள். மெல்ல வளரும் ஆபத்து அதன் அருகில் இல்லாதவர்களுக்குத் தெரிவதில்லை. குப்பையை அனுப்பியது முழுக் கொழும்பு, மணத்தில் இருந்தது சில நூறு குடும்பங்கள்.

வீட்டுக்குள் உள்ள மெல்லிய ஆபத்து டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேல் நோயாளிகள், 400க்கு மேல் மரணங்கள். அந்த வருடமும் கொழும்பு மாவட்டம்தான் முன்னுக்கு. ஆனால் "பூச்சாடித் தட்டில் தண்ணீர் நிற்கிறது" என்று யாராவது உங்கள் குழுவில் போட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் கிழமைக்கு ஒருமுறை குளிர்சாதனத் தண்ணீர் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பல்கனிச் சட்டி எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும், மூன்றாம் நாளாவது இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டதும் நிம்மதியடையும் பெற்றோர்தான் அதிகம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

இந்த வேலையை அம்மாவிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. அவருடைய பயத்தைப் புள்ளிவிவரம் சொல்லிக் குறைக்க முயன்றால் வீட்டில் சண்டைதான் வரும். பயம் அதிகமாக இருந்து, செய்வதற்கு எதுவும் இல்லாவிட்டால், மனிதர் ஒன்றில் முடங்குவார், அல்லது மறுப்பார். உங்கள் வீட்டில் இரண்டுமே நடக்கிறது. செய்யக்கூடிய வேலை ஒன்று கையில் இருந்தால் பயம் அதற்குள் அடங்கிவிடும். பல்கனிச் சட்டிகள், அடையாள அட்டைப் பிரதியும் மருந்தும் வைத்த ஒரு பை, 119, 110, 1990, 117 என்று பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கங்கள் எழுதிய கடதாசி குளிர்சாதனப் பெட்டியில். பேரன் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மம்மாவுக்கு ஒரு அழைப்பு. அவன் முணுமுணுப்பான், பரவாயில்லை.

கணவருக்கு ஒரே வேலை: அடுத்த முறை அலாரம் அடித்தால் உங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படியில் இறங்க வேண்டும், லிஃப்டில் ஏறக்கூடாது, இறங்கும்போது கதவுகளைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் வருவார்கள். அந்தச் சோதனையைத் தலைகீழாகப் பயன்படுத்துவது அவ்வளவுதான். அப்படியே நிர்வாகக் குழுவிடம், அலாரப் பெட்டி கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, படிக்கட்டில் அடுக்கியிருக்கும் பழைய சைக்கிள்கள் யாருடையவை என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகாதீர்கள். விலகினால் உங்களுக்கு நிம்மதி, குழுவில் கேள்வி கேட்கும் ஓர் ஆள் குறைவு. பிள்ளை பிடிக்கும் செய்தி இன்னொன்று வந்தால் யாரையும் மடக்காமல் மூன்று வரி எழுதுங்கள்: "இது எந்த இடம், என்ன திகதி? பொலிஸில் முறைப்பாடு இருக்கிறதா? நான் வெள்ளவத்தைப் பொலிஸுக்கு அழைத்துக் கேட்டுச் சொல்கிறேன்." அழைத்துக் கேட்டு, கிடைத்த பதிலை அதே குழுவில் போடுங்கள். மெத்தைக்காரரின் படத்தை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். குழுவில் கேட்கக் கூச்சமாக இருந்தால், போட்டவரிடம் தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார். வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் எடுக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.