துபாய் மார்கழி: சைட்டில் வானிலைக் குறிப்பு எழுதப் போகிற தம்பிக்கு

கேள்வி இது: "அண்ணா, எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். டிசம்பரில் துபாய் வருகிறேன், கட்டுமான சைட்டில் சேஃப்டி உதவியாளர் வேலை. தினமும் காலை வானிலைக் குறிப்பு எழுத வேண்டும், மூடுபனி, காற்று, மழை எது வந்தாலும் முந்தின நாளே சொல்ல வேண்டும் என்கிறார்கள். பாலைவனத்தில் அப்படி என்ன குளிர்காலம்? ஸ்வெட்டர் வேண்டுமா? போனில் ஆப் பார்த்தால் போதாதா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போதாது. ஆப்பில் நாள் முழுக்கச் சூரியன் படம்தான் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு சைட் கேட்டிலிருந்து டவர் கிரேனின் அடிக்கால்கூடத் தெரியாது. அங்கே குளிர்காலத்தில் அதிகம் வேலை கெடுப்பது மூடுபனி, ஆப்கள் அதிகம் கோட்டை விடுவதும் அதையேதான்.

ஊர்ப்பழக்கம் ஒன்றை முதலில் மாற்ற வேண்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து வரும். மார்கழி, தையில் கணவாய்க் காற்று பனையோலையை ஒரே பக்கம் சாய்த்து நாள் முழுக்க அடிக்கும். அதனால் கிழக்கைப் பார்த்தே நமக்குக் கண் பழகியிருக்கும். துபாயில் குளிர்கால மழை மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தம் செங்கடல், சவூதி தாண்டி வளைகுடாவுக்கு நகரும். அதோடு மேல்மட்டத்தில் குளிர்காற்று இறங்கினால் இடி மழை. வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 100 மி.மீ.க்கும் கீழே. கேரளத்துக்குள்ளேயே வறண்ட மூலை என்று நாம் புலம்புகிற நம் பக்கத்துக்கு அது ஒரு வார மழைகூட இல்லை.

சாதாரண குளிர்கால நாள் எப்படிப் போகும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விடியும்போது தென்கிழக்கிலிருந்து மெல்லிய தரைக்காற்று. பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் அது நின்று வடமேற்கிலிருந்து கடல்காற்று வரும். சூரியன் சாய்ந்தபின் அடங்கும். இந்த ஒழுங்கு குலைவதுதான் முதல் அறிகுறி. மதியம் ஒரு மணி தாண்டியும் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசி, வானம் மங்கலாகத் தூசி கட்டி, வழக்கமான 24, 25 டிகிரி 29, 30 ஆகிறது என்றால், "குளிர் போயிற்று" என்று சந்தோஷப்படாதீர்கள். மேற்கிலிருந்து ஏதோ வருகிறது, ஒரு நாள் இரண்டு நாள் தவணை. மேற்கே கீற்று மேகம் ஏறி, பிறகு பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல் நடுமட்ட மேகம் கூடினால் உறுதி.

காற்றழுத்தமும் அதையே சொல்லும், ஆனால் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். பல போன்களில் பாரோமீட்டர் இருக்கிறது. குளிர்காலத்தில் துபாயில் 1018, 1020 மில்லிபார் சகஜம். புதியவர்கள் காலை பத்து மணிக்கு ஒரு எண்ணை எழுதி, மாலை நான்கு மணிக்கு இரண்டு குறைந்ததும் புயல் என்று பதறுவார்கள். அழுத்தம் தினமும் தானாகவே இருமுறை ஏறி இறங்கும்: காலை, இரவு பத்து வாக்கில் உச்சம்; மாலை, விடியல் நான்கு வாக்கில் அடி. அதனால் இன்று மாலை நான்கை நேற்று மாலை நான்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று, நான்கு மில்லிபார் இறங்கியிருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி மூடுபனி. பகலில் கடல்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவந்து மணல்மேல் விரிக்கிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் மணல் மளமளவென்று சூட்டை விடும். அந்த ஈரம் குளிர்ந்து பனிநிலையை, அதாவது ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை, தொட்டால் மூடுபனி. பிறகு தரைக்காற்று அதை மெல்லக் கடற்கரைப் பக்கம் தள்ளும். அதனால்தான் நகருக்குள் தேராவில் நட்சத்திரம் தெரியும்போதே ஜெபல் அலிக்கு உள்பக்கம், அல் குத்ரா, லஹ்பாப் பக்கமெல்லாம் வெள்ளையாக மூடிக்கிடக்கும். கட்டடமும் தார்ச்சாலையும் இரவில் விடுகிற சூடு நகரத்தைக் காப்பாற்றிவிடும். உங்கள் சைட் எங்கே இருக்கிறது என்பதே பாதிக் கணிப்பு.

மீதிப் பாதிக்குப் பனிநிலை தெரிய வேண்டும். போனில் ட்யூ பாயிண்ட் என்று வருவது. நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரி ஸ்பிரிட் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டையும் போட்டு ஒரே எண் காட்டுகிறதா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் கஞ்சி போகக் கொதிக்கவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நனைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். நிழலில், ஆள் நெஞ்சு உயரத்தில் வைத்து மூன்று நிமிடம் விசிறிவிட்டு, ஈரக்குமிழை முதலில் படியுங்கள். உலர் 22, ஈரம் 19.5 என்றால் பனிநிலை சுமார் 18. உலர் 24, ஈரம் 18 என்றால் சுமார் 14.5. இதற்கான அட்டவணை ஒரு பக்கம்தான், அச்சடித்து கேபினில் ஒட்டிவிடுங்கள்.

இதில் தவறு வருவது எப்போதும் துணியில்தான். தூசி ஏறினாலோ காய்ந்தாலோ ஈரக்குமிழ் சரியாகக் குளிராது. இல்லாத ஈரத்தைக் காட்டும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள், தூசிக்காற்று அடித்தால் அன்றைக்கே. போர்ட்டா கேபின் சுவரில் தெர்மாமீட்டரை மாட்டாதீர்கள், ஏசி வெளி யூனிட் பக்கமும் கூடாது; அது தகரத்தின் சூட்டைத்தான் சொல்லும்.

மாலை ஏழு மணிக் கணக்கு இது: இப்போதைய பனிநிலை நேற்றிரவின் குறைந்த வெப்பநிலையைவிட இரண்டு டிகிரியாவது மேலே இருக்கிறதா? வானம் தெளிவா? காற்று மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதிகாலைக்கு மூடுபனி என்று எழுதுங்கள். 15 கி.மீ.க்கு மேல் காற்று இருந்தால் உயரத்துக் காற்றும் தரையோரக் காற்றும் கலந்துவிடும், மூடுபனி கட்டாது. காற்று அறவே நின்றாலும் பல நாள் வண்டிக் கண்ணாடியில் பனி சொட்டுவதோடு சரி. மெல்லிய அசைவு இருக்கும் இரவுதான் மோசம். இரண்டு, மூன்று மணிக்குத் தொடங்கும், சூரியன் எழும் ஏழு மணி வாக்கில் உச்சம், ஒன்பது பத்துக்குள் கரையும். காலை ஆறு மணிக்கு இருப்பதைப் பார்த்து "இப்போ விலகிவிடும்" என்று கிரேனுக்குச் சொல்லாதீர்கள். சூரியன் வந்த முதல் அரை மணியில் இன்னும் கெட்டியாவது உண்டு.

சரிபார்க்க விமான நிலைய அறிக்கை இருக்கிறது, பெயர் மெட்டார். இலவசம், மணிக்கு ஒருமுறை வரும். துபாய் விமான நிலையத்தின் குறியீடு ஓஎம்டிபி, அல் மக்தூம் விமான நிலையத்துக்கு ஓஎம்டிடபிள்யூ. உள்பக்கம் வேலை என்றால் இரண்டாவதையே பாருங்கள். குறியீட்டுக்கு அடுத்த ஆறு இலக்கம் தேதியும் நேரமும். அது கிரீன்விச் நேரம், நான்கு மணி நேரம் கூட்டுங்கள். ஐந்தரை கூட்டிப் பழகிய கை ஒரு வாரம் தப்பு செய்யும். அடுத்து 32005 என்றால் 320 டிகிரியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, 5 நாட் (மணிக்கு சுமார் 9 கி.மீ.) காற்று. பிறகு பார்வைத் தூரம் மீட்டரில். 21/18 என்பது வெப்பமும் பனிநிலையும். இந்த இரண்டும் மணிக்கு மணி நெருங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எஃப்ஜி என்றால் மூடுபனி, அதாவது 1,000 மீட்டருக்குள் பார்வை, பிஆர் இலேசானது, டியூ என்றால் தூசி.

சைட்டில் பார்வைத் தூரத்தைக் கண் மதிப்பில் எழுதக்கூடாது. மேப்பில் அளந்து 200 மீட்டரில் ஒரு விளக்குக் கம்பம், 500 மீட்டரில் ஒரு கட்டடம், 1 கி.மீ.யில் ஒன்று, 5 கி.மீ.யில் ஒன்று குறித்துவையுங்கள். எது தெரிகிறதோ அது எண். மூடுபனியில் அபுதாபி சாலைகளின் மின்பலகையில் 80 என்று வந்தால் அதுதான் அன்றைய வேகவரம்பு. 2008 மார்ச்சில் துபாய்-அபுதாபி சாலையில் கன்தூத் அருகே மூடுபனியில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. மாதத்தைக் கவனியுங்கள், மாசி, பங்குனியிலும் வரும்.

தாழ்வழுத்தம் கடந்தபின் காற்று ஒரே வீச்சில் வடமேற்குக்குத் திரும்பும். அதுதான் ஷமால். தூசி, குளிர், கொந்தளிக்கும் கடல். சில நாள் நிற்கும். அப்போது காற்று வறண்டுபோவதால் மூடுபனிக் கவலை இல்லை. ஷமால் ஓய்ந்து கடல்காற்று பழையபடி வரத் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் இரவில் மறுபடி பனிநிலையைப் பாருங்கள்.

கிரேனுக்கு ஷமால்தான் எதிரி. எத்தனை கி.மீ.யில் நிறுத்துவது என்பதை அந்த கிரேனின் கையேடும் உங்கள் சைட் விதியும் சொல்லும். நான் சொல்லும் அளவையோ வாட்ஸ்அப்பில் வரும் அளவையோ நம்பாதீர்கள். ஆனால் அலகைக் குழப்பாதீர்கள்: 1 நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ., விநாடிக்கு 1 மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கி.மீ. விமான நிலையக் காற்று தரையிலிருந்து 10 மீட்டரில் அளப்பது, அதுவும் பத்து நிமிடச் சராசரி. கீழே 30 கி.மீ. இருந்தால் 60 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 39, திடீர் வீச்சு அதற்கும் மேலே. ஆகவே முடிவு கிரேன் தலையிலுள்ள காற்றுமானியைப் பார்த்துத்தான். முன்னறிவிப்பு ஆட்களைத் தயார்படுத்த மட்டும்.

மழைக்கு நான்கு நாளுக்கு மேற்பட்ட கணிப்பை யாருக்கும் சொல்லாதீர்கள். தாழ்வழுத்தம் நூறு கிலோமீட்டர் வடக்கே விலகினால் மழை முழுக்க ஈரானுக்குப் போய்விடும். கணினியில் வானிலை கணிக்கும் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டும் தொடர்ந்து மூன்று முறை ஒரே நாளைக் காட்டினால் எழுதுங்கள். தேசிய வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். உங்கள் கணக்கு என்ன சொன்னாலும் அதுதான் மேலே. வதந்தி பரப்புவது அங்கே சட்டப்படி குற்றம், ஊர் குரூப்பில் வருவதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். 10 மி.மீ. மழைக்கே சாலையில் தண்ணீர் நிற்கும். தட்டையான நிலம், தூசி இறுகிய மேல்மண், எங்கும் வடியாது. 2024 ஏப்ரல் 16-இல் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மி.மீ. கொட்டியது, 1949 முதல் பதிவில் இல்லாத அளவு. செயற்கை மழைக்காக மேகத்தில் உப்புத் தூவியதால் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல நாள் முன்பே மாடல்களில் தெரிந்த தாழ்வழுத்தம் அது. மழை நாளில் வாதி எனும் காட்டாற்றுப் பள்ளத்தில் வண்டி இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல். மழைமானியைத் தினமும் திறந்து மணலைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் மழை வரும் அன்று சேற்றைத்தான் அளப்பீர்கள்.

ஸ்வெட்டர்? நகரத்துக்குள் ஜனவரி இரவு 14, 15 டிகிரி, வேண்டியதில்லை என்று தோன்றும். கேம்ப் பஸ்ஸுக்கு விடியல் நாலரைக்கு நிற்பவருக்கு, ஊருக்கு வெளியே, 9 டிகிரியில் ஷமாலோடு அது வேறு விஷயம். காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, காது மூடும் குல்லா ஒன்று, உதட்டுக்கு வாசலின். அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காயும் யோசனை யாருக்கு வந்தாலும் தடுங்கள். மணமில்லாத புகை, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

அங்குள்ள பெரியவர்கள் ஆகஸ்ட் கடைசியில் விடியலில் சுஹைல் தென்பட்டால் இரவு குளிரத் தொடங்கும் என்பார்கள். அது நம் அகத்திய நட்சத்திரம்தான். ஜனவரியில் இரவு பத்து, பதினொன்றுக்குத் தெற்கே பாருங்கள், ஊரில் பார்த்த உயரத்தில் பாதிகூட இருக்காது. அது பளிச்சென்று தெரிந்தால் அடிவானத்தில் தூசி இல்லை என்று குறிப்பில் எழுதலாம்.

தெர்மாமீட்டரை ஊரிலிருந்து கொண்டுவருவதானால் பாதரசம் உள்ளது வேண்டாம், விமான நிலையத்தில் தகராறு ஆகும். சிவப்பு ஸ்பிரிட் உள்ளதே போதும், துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.