கண்மாயில் சீமைக் கருவேலம், மேலே நாரைக் கூடு: வெட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயைச் சீமைக் கருவேலம் அடைத்துவிட்டது. பணம் திரட்டி, பொங்கல் முடிந்ததும் ஜேசிபி விடப்போகிறோம். ஆனால் நடுவில் உள்ள மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. என்ன செய்வது? – சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: முதலில் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகிய பிறகுதான் இவை கூடு கட்டும். தையில் பல கூடுகளில் பறக்கத் தெரியாத குஞ்சுகள்தான் இருக்கும். காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. பங்குனி, சித்திரை வரை பொறுங்கள். தண்ணீர் வற்றியிருக்கும், கூடுகள் காலியா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அதற்காகச் சீமைக் கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆடு மாடு காயைத் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும் மரம் அது. ஆனால் நாரை மரத்தின் பூர்வீகம் பார்ப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர், ஏறவிடாத முள், அவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஒரே மூச்சில் வழித்துவிட்டால் அடுத்த வருஷம் வேறு கண்மாய் தேடிப் போய்விடும். ஆகவே கரை, வரத்துக்கால், மடை, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கம் மட்டும் இந்த முறை எடுங்கள். கூடு உள்ள மரங்களை விட்டுவிட்டு, அருகே மண் திட்டுகள் போட்டு நாட்டுக் கருவேலம் நடுங்கள். அது கூடு தாங்கும் அளவு வளர்ந்தபின் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றலாம். சில வருஷம் ஆகும், ஊரில் முணுமுணுப்பும் வரும். உங்கள் மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. முணுமுணுப்பவர்களை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள்.

தூர் வாரும்போது இன்னொன்று. மண் ஆசையில் செங்குத்தாகத் தோண்ட விடாதீர்கள். நாரையும் அரிவாள் மூக்கனும் கால் ஊன்றி நின்று இரை தேடுபவை. ஓரம் சரிவாக, ஆழம் குறைவாக இருக்கவேண்டும். குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அனுமதியா? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. கண்மாய் மரம் அரசுச் சொத்து, எழுத்தில் வாங்காமல் கோடாரி வைக்காதீர்கள். வனத்துறைக்கும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், தரையோடு வெட்டினால் தழைத்துவிடும், வேர்க்கட்டையோடு பெயர்க்கவேண்டும். அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். அதற்குக் கொஞ்சம் கூலிப் பணம் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.